நான்கு விரற்கடை மேலே

இடுப்பு என்றுதான் சொன்னேன். மறுபடியும் இடுப்பு. நர்ஸ் என் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டே எங்கே வலி என்று கேட்டார், கேட்ட சத்தத்துக்குக் கூடத்தில் காத்திருந்த அத்தனை பேரும் தங்கள் வலியை ஒரு நிமிடம் ஒத்திவைத்துவிட்டு என்னுடையதைக் கேட்கத் தயாரானார்கள், என் வாய் அதுபாட்டுக்கு இடுப்பு என்றது, எந்தப் பக்கம் என்றார், இடது என்றது. இரண்டும் உண்மை இல்லை. பொய் என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை, ஏனென்றால் நான் பொய் சொல்கிற ஆள் இல்லை, கூட்டத்தில் கண்டக்டர் என்னைப் பார்க்காமல் போய்விட்டால் நானே நெருக்கியடித்துப் போய் டிக்கெட் வாங்குகிறவன். வலியை அதன் இடத்திலிருந்து நான்கு விரற்கடை மேலே தூக்கிவைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான், மரியாதைக்காக. வலி இருக்கிற இடம் உட்காருகிற இடம். அதைச் சீருடை போட்ட ஒரு பெண்ணிடம், அப்பா பக்கத்தில் நிற்கும்போது, எந்த வாயால் சொல்வது? இப்படியே எட்டு மாதமாக மூன்று டாக்டர்களிடம் நான்கு விரற்கடை மேலேயே சொன்னேன், அவர்களும் நான் காட்டிய இடத்தையே படம் எடுத்தார்கள், படத்தில் முதுகெலும்பு வட்டு ஒன்று கொஞ்சம் பிதுங்கியிருந்தது, மூன்றாவதாகப் பார்த்த எலும்பு டாக்டர் இது கத்தி வைத்தால்தான் சரிப்படும் என்று வருகிற புதன்கிழமையை எனக்கென்று ஒதுக்கிவிட்டார். புதன்கிழமை என் முதுகைத் திறப்பார்கள், வலி இல்லாத இடத்தில். இன்று சனிக்கிழமை. கத்தி வைக்கும் முன் இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று வந்திருக்கிறோம், நடுவில் இருப்பது இந்த டாக்டர் ஒருவர்தான். கதவில் டாக்டர் ஜெசிந்தா, மூட்டு வாத நோய் நிபுணர் என்று போட்டிருக்கிறது. ஜெசிந்தா. ஆம்பளைப் பெயராக இருக்குமோ என்று நேற்று வரை ஒரு நம்பிக்கை இருந்தது.

அப்பா எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார். அதுதான் பிரச்சினை, எனக்கு நாற்காலி ஆகாது, உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும், நடந்தால்தான் விடும், ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல முடியாது, அப்பாவைப் பொறுத்தவரை நாற்காலி என்பது எங்கள் குடும்பத்தில் முதல்முதலாக ஒருவனுக்குக் கிடைத்த பதவி. நயினார்குளம் மார்க்கெட்டில் முப்பது வருஷமாக வெங்காய மூட்டை சுமக்கிறவர். அவர் முதுகு இன்றைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கிறது. மூட்டையே தூக்காத எனக்குத்தான் இது வந்திருக்கிறது, பி.எஸ்சி. கணிதம், குரூப் ஃபோர் பாஸ், தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கை. "இவன் என் மவன், மகாராஜன்," என்று அப்பா பக்கத்திலிருந்தவரிடம் ஆரம்பித்துவிட்டார். "தாலுகாபீஸ்ல சேர்ல உக்காந்து வேல. உக்காந்து உக்காந்து இடுப்பு போயிட்டு. புதன்கெழம ஆப்ரேசன்." கடைசிச் சொல்லையும் அதே பெருமையோடுதான் சொன்னார், அதுவும் பரீட்சை எழுதிக் கிடைத்ததுபோல. பக்கத்திலிருந்தவர் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தார். இன்னொரு காலின் கட்டைவிரல் பழுத்த மிளகாய்போல் சிவந்து, யாரும் பக்கத்தில் வந்துவிடக் கூடாதே என்று கூடத்தையே கண்காணித்துக்கொண்டிருந்தது. "மிக்கேல். பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையரு," என்று தன்னைச் சொல்லிக்கொண்டார், நான் டிக்கெட்டைப் பற்றி நினைத்தது கேட்டுவிட்டதுபோல் எனக்குத் திக்கென்றது. "எனக்கு யூரிக் ஆசிட்டு. ராத்திரி போர்வை நுனி பட்டாலே உசுரு போவும் தம்பி. விசிறிக் காத்துகூட பாரமா இருக்கும். நேத்து மருமவன் வீட்ல ஈரல் வறுவல், வேண்டாம்னேன், அவன் மனசு கஷ்டப்படும்லா, சாப்ட்டேன்." அப்பா விரலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஈரலு கீழயா எறங்குது?" "எங்க எறங்கணும்னு அதுக்குத் தெரியுதுய்யா அண்ணாச்சி."

எலும்பு டாக்டரிடம் போகாமல் ஏன் இங்கே வந்தீர்கள் என்று அப்பா கேட்டார், மிக்கேல் பாடம் நடத்துகிறவர்போல் நிமிர்ந்துகொண்டார். எலும்பு டாக்டர் ஒடிந்ததை ஒட்டுவார், தேய்ந்ததை மாற்றுவார், கத்தி அவர் கையில் இருக்கும். இந்தம்மாவிடம் கத்தி கிடையாது. உடம்பு தன்னைத்தானே அடித்துக்கொள்கிற வியாதிகள் இருக்கின்றன, நம் காவல்காரனே நம்மைத் திருடன் என்று நினைத்து மூட்டு மூட்டாகப் போய் அடிப்பான், வீங்கும், காலையில் இறுகிக்கொள்ளும், அதையெல்லாம் இந்தம்மா மாத்திரையில் அடக்குவார். "எப்படிக் கண்டுபுடிக்கும்?" என்றார் அப்பா. "ரத்தம் பாக்கும், படம் பாக்கும். ஆனா முக்கா வாசி கேள்விதான். கேட்டே எடுத்துரும்." கேட்டே எடுத்துரும். கத்தி வைத்திருக்கிற டாக்டரிடம்கூட நிம்மதியாக இருந்தேன், அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கேள்வி கேட்கிறவரிடம் என்ன செய்வது? கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்ல முடியாத பரீட்சையை நான் எழுதியதே இல்லை. பதில் தெரியாத பரீட்சைகள் எழுதியிருக்கிறேன், அது பழக்கம்தான்.

சொல் ஒன்று முதலில் வேண்டும். நேற்று முழுக்கத் தேடினேன். பிட்டம் என்றால் அறிவியல் புத்தகத்தில் இருக்கும், அதை வாயால் சொன்ன மனிதனை நான் பார்த்ததில்லை, சொன்னால் டாக்டர் நான் ஏதோ அவித்த பிட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்கக்கூடும். பின்புறம் என்று சொல்லலாம், ஆனால் பின்புறம் என்றால் வீட்டுக்கும் உண்டு, தாலுகா அலுவலகத்துக்கும் உண்டு, அங்கேதான் ஜீப் நிற்கும். பட்டக்ஸ் என்று இங்கிலீஷில் சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அப்பா உடனே அப்படின்னா என்னல என்பார், நான் மொழிபெயர்க்க வேண்டிவரும், மொழிபெயர்த்தால் குண்டி. எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை, ஏல குண்டிய நவுட்டு, ஏல குண்டிய ஒரு எடத்துல வையி, அப்பா ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று அவருக்கே தெரியாது. காலேஜுக்குப் போய்வந்த நான்தான் அதைத் தொலைத்துவிட்டேன். மூன்று வருஷத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் உருப்படியாக நிலைத்தது இது ஒன்றுதான், எந்தச் சொல்லை எங்கே சொல்லக் கூடாது என்பது. வகைக்கெழு மறந்துபோயிற்று.

சொல் கிடைத்தாலும் இரண்டாவது சிக்கல் இருக்கிறது, அது பெரியது. வலி ஒரு பக்கம் நிற்பதில்லை. ஒரு வாரம் இடது, மறு வாரம் அது சுத்தமாகப் போய் வலது, பிறகு எதுவும் நடக்காததுபோல் மறுபடி இடது. உண்மையான வலி இப்படி வீடு மாறுமா? பல்வலி மாறுகிறதா? முதல் டாக்டரிடம் போனபோது இடது, சீட்டில் இடது என்று எழுதினார். பத்து நாள் கழித்து வரச்சொன்னார், போனபோது அது வலதுக்குப் போயிருந்தது, எப்படி இருக்கு இடது பக்கம் என்றார், இப்போ வலது பக்கம் சார் என்று சொன்னால் வேலைக்கு லீவு போட நடிக்கிறான் என்று நினைக்க மாட்டாரா, நானே அவராக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன், அதனால் இடது அப்படியேதான் சார் இருக்கு என்றேன். வலதில் வலிக்க வலிக்க இடதைத் தடவிக்கொண்டு நின்றேன். நேர்மையானவன் என்று பெயர் எடுக்க ஆசைப்படுகிறவன் செய்கிற காரியமா இது என்றால், அதுவேதான், வேறு எவனும் இவ்வளவு பாடுபட மாட்டான்.

எதிர் வரிசையில் ஒரு அம்மா விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார், முட்டிகள் வீங்கியிருந்தன, பக்கத்திலிருந்த பெண்ணிடம் காலைல தோசைக்கரண்டி புடிக்க முடியாது, பத்து மணிக்கு மேல கை என் பேச்சு கேக்கும் என்று சொன்னார். காலையில் மோசம், நேரம் போகப் போகச் சரி. எனக்கும் அப்படித்தானே? அதைக் கேட்டதும் முதல்முறையாகக் கொஞ்சம் பயம் விலகியதுபோலவும் இன்னும் பெரிய பயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோலவும் இருந்தது. விடிவதற்கு முன்னாலேயே வலி என்னை எழுப்பிவிடும், படுத்தால் மரக்கட்டை, எழுந்து நடந்தால் மனிதன், அதனால் இருட்டில் மொட்டை மாடிக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். எதிர்வீட்டு சண்முகவடிவு அக்கா இதைப் பார்த்துவிட்டு நான் யாரையோ காதலிக்கிறேன் என்று தெருவில் சொன்னார், அம்மா அதை நம்பாமல் காத்துக் கருப்பு என்று கையில் கயிறு கட்டினாள், இரண்டில் காதலே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அலுவலகத்தில் இன்னொரு கதை. உட்கார முடியாமல் எல்லோருடைய கோப்புகளையும் நானே எடுத்துக்கொண்டு மேலும் கீழும் போய்வருவேன், குடிக்கத் தண்ணீர் பிடித்துவருவேன், கண்காணிப்பாளர் இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பையனா என்று தாசில்தாரிடம் சொல்லியிருக்கிறார். ஓய்வெடுத்தால் வலிக்கிறது, வேலை செய்தால் வலி போகிறது. இதை ஒரு வியாதி என்று வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? வேலைக்குச் சேர்ந்த எவனுக்காவது இந்த வியாதி வருமா?

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அதையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்து முடித்ததும் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, காயத்திருமேனி எண்ணெயைச் சூடு பண்ணி, இடுப்பின் இடது பக்கம் தேய்ப்பார். வெங்காய நெடி கையில் இருக்கும். நாள் முழுக்க மூட்டை பிடித்த கை, அதை இவ்வளவு மெதுவாக வைக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. இங்கதானல, இங்கதானல என்று கேட்டுக்கேட்டுத் தேய்ப்பார். நான் ஆமாப்பா ஆமாப்பா என்பேன். அந்தக் கை இன்னும் நான்கு விரற்கடை கீழே வந்தால் சரியான இடம். ஆனால் இருபத்துநான்கு வயதில், அரசாங்க முத்திரை வைக்கிறவன், அப்பா இன்னும் கொஞ்சம் கீழே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாளையிலிருந்து தேய்க்கமாட்டாரோ என்றும் ஒரு பயம். வலி குறையவில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

"மகாராஜன்! மகாராஜன் யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்தேன், எழ வேண்டும் என்று நினைத்தேன், எழுந்து முடிக்க நேரம் பிடித்தது, மகாராஜன் நாற்காலியின் கையைப் பிடித்துக் கூன் விழுந்து நின்று கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதை எல்லோரும் பார்த்தார்கள். "நான் உள்ள போயிட்டு வரட்டுமா, நீங்க இங்க இருக்கீங்களா?" என்று அப்பாவைக் கேட்டேன், இங்கேயே இருங்கள் என்பதைத்தான் அப்படிக் கேட்டேன். "ஏன், நான் வந்தா டாக்டரு கடிக்குமா?" என்று அப்பா எனக்கு முன்னால் நடந்தார். டாக்டர் ஜெசிந்தா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நரைத்த முடியைக் கொண்டையாக முடிந்திருந்தார், எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மாதிரி. அது நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்வதற்குள் கேள்வி வந்துவிட்டது. எவ்வளவு நாளா? ராத்திரி எழுப்புதா? எழுந்து நடந்தா குறையுதா? காலைல எழுந்து உடம்பு சகஜமாக எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணு எப்பவாவது சிவந்து கூசியிருக்கா? ஆமாம், ஆமாம், ஆமாம், ஒரு மணி நேரம், ஆமாம் டாக்டர் போன தீபாவளிக்கு, வெடிப்புகைதான் என்று சொன்னார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலையை ஆட்டினார், நானும் உற்சாகமாகிவிட்டேன், எல்லாம் பாடத்திட்டத்துக்கு உள்ளேயே வருகிறது. பிறகு படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த வட்டு பிதுங்கியிருக்கு, உண்மைதான். ஆனா இந்த அளவுக்கு வலியே இல்லாத ஆளுக்கும் பிதுங்கியிருக்கும். உங்க வலி இதனாலயா வேற எதனாலயாங்கிறதுதான் கேள்வி. இங்க இடது இடுப்புன்னு எழுதியிருக்கு. இடது இடுப்புதான்னா அவங்க சொன்ன ஆபரேஷனுக்கு நான் குறுக்க நிக்கமுடியாது. எழுந்து திரும்பி நில்லுங்க. எங்க வலிக்குதுன்னு விரலால காட்டுங்க."

திரும்பி நின்றேன். எதிரே சுவர், சுவரில் ஒரு முழு எலும்புக்கூட்டின் படம், வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. என் வலதுகை பின்னால் போயிற்று, பழகிய கை, அதற்கு வழி தெரியும், நேராக இடுப்பின் இடது பக்கம் போய் நின்றது. "இங்கயா?" என்றார் டாக்டர். "அங்கதாம்மா," என்றார் அப்பா, "நான்தானே தெனம் தேய்க்கேன், எனக்குத் தெரியாதா." புதன்கிழமை. பச்சைத் துணி போர்த்தி, இந்த விரல் நிற்கிற இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். எலும்பு டாக்டர் சுத்தமாகச் செய்துமுடிப்பார், வெற்றி என்று வெளியே வந்து அப்பாவிடம் சொல்வார், அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்வார், பிறகு ஒரு நாள் விடிவதற்கு முன் நான் தையலோடு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருப்பேன், அப்போது யாரிடம் போய் எதைச் சொல்வது? கை அங்கேயே இருக்கிறது. கை கீழே இறங்கினால் போதும், சொல்லே தேவையில்லை, ஆனால் கை இறங்கவில்லை, எட்டு மாதமாக அதற்கு இங்கேதான் வேலை, இனி இடமாறுதல் என்றால் உத்தரவு வேண்டும். அப்போது, பிட்டமும் இல்லாமல் பின்புறமும் இல்லாமல் இங்கிலீஷும் இல்லாமல், எங்கள் தெரு வாயால், தேவைக்கு மேலான சத்தத்தில் என் குரல் கேட்டது, "குண்டிதான் டாக்டர். ரெண்டு குண்டியும். ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி அவர் பேனாவை மூடிவைப்பார், மாறி மாறி வலிக்கிற பையனா, சரி சரி, போய் வேறு ஆளைப் பார் என்பார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "மாறி மாறியா?" என்று டாக்டர் கேட்ட குரலில் கோபமே இல்லை, கடைசி வரியில் விடை சரியாக வந்துவிட்ட கணக்கைப் பார்க்கிற சந்தோஷம் இருந்தது. "மாறி மாறி வருதுன்னு யார்ட்டயாவது சொன்னீங்களா இதுக்கு முன்னாடி?" இல்லை என்றேன். "ஏன்?" நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன் என்றேன். "நாங்க முதல்ல தேடறதே அதைத்தானே தம்பி." அவருடைய கட்டைவிரல்கள் இரண்டும் வந்து, முதுகு முடிகிற இடத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும், யாரும் இதுவரை தொடாத சரியான இடத்தில் அழுத்தின, நான் அலறிய அலறலில் வெளியே மிக்கேல் விரலை இழுத்துக்கொண்டிருப்பார். முதுகெலும்பு வந்து இடுப்புக்கூட்டில் சேருகிற இடத்தில் இரண்டு மூட்டு இருக்கிறது என்றார், அங்கே அழற்சி இருந்தால் வலி உட்காருகிற இடத்தில் தெரியும், உங்கள் வயதுப் பையன்களுக்கு வருவதுதான், இதற்குக் கத்தி வேண்டாம், ரத்தமும் அந்த மூட்டுக்கு மட்டும் ஒரு ஸ்கேனும் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன், மாத்திரை இருக்கிறது, தினம் உடற்பயிற்சி செய்ய வேண்டும், முழுசாக விட்டுப்போகாது ஆனால் அடக்கி வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்றார். முழுசாக விட்டுப்போகாது என்பதைப் பிறகு தனியாக எடுத்துப் பயப்படலாம் என்று மனதில் ஓரமாக வைத்தேன். "இடது வலதுன்னு கணக்குப் பாக்காம வர்றதை வர்ற மாதிரி சொல்லுங்க, போதும். புதன்கிழமை வேண்டாம். இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிருங்க."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் அப்பா நின்றார். "எட்டு மாசமா எண்ணெய் தேச்சேனேல." "ஆமாப்பா." "இங்கதானல இங்கதானலன்னு கேட்டுக்கேட்டுத் தேச்சேனேல." "நீங்க ஆசையா தேச்சீங்க, எப்படிப்பா சொல்றது?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், எங்கே ஆரம்பித்துத் திட்டுவது என்று இடம் தேடுகிறவர்போல. "படிச்ச பய மாதிரியால நடந்திருக்க? உள்ளதச் சொல்றதுக்கு என்னல வெக்கம், ஆஸ்பத்திரில போய்?" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எலும்பு டாக்டருடைய ஆஸ்பத்திரிக்கு அவரே போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. அப்பாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "யம்மா, மகாராஜனோட அப்பா பேசுதேன். புதன்கெழம ஆப்ரேசனு வேண்டாம்மா. வலி இடுப்புல இல்லையாம்." "இடுப்புல இல்லையா? அப்ப எங்க சார்? டாக்டர் கேப்பாங்க, எழுதணும்." அப்பா வாயைத் திறந்தார். கூடத்தைப் பார்த்தார், தோசைக்கரண்டி அம்மாவைப் பார்த்தார், சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டார். "கீழம்மா," என்றார், அப்படி ஒரு மெல்லிய குரல் அவருக்கு இருப்பதை நான் கேட்டதே இல்லை. "கீழன்னா கால்லயா சார்?" "கால்ல இல்லம்மா. கொஞ்சம் கீழ." "எவ்வளவு கீழ சார்?" அப்பாவின் பிடரியில் வியர்வை பொட்டுப்பொட்டாக அரும்பியது. "இடுப்புக்கு ஒரு... ஒரு நாலு வெரக்கட..." நான் அவர் கையிலிருந்து போனை வாங்கி, கூடம் முழுக்கக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, இடத்தைச் சொன்னேன்.